சிம்பல் அடங்கும் வரை

டிரம்ஸ் ரெக்கார்டிங் என்றால் நான் முதலில் மைக்கைத் தொடுவதில்லை. டிரம்மருக்கு எதிரே ஆறடி தள்ளி நின்றுகொண்டு, "தம்பி, பாட்டுல வாசிக்கிற மாதிரியே ஹை-ஹாட்டும் ஸ்னேரும் மட்டும் ஒரு நிமிஷம் வாசிங்க" என்று கேட்பேன். வெறும் காதில் ஹை-ஹாட் என்கிற ஜோடி சிம்பல் ஸ்னேர் டிரம்மை மிஞ்சினால் அன்றைக்கு எனக்கு வேலை கடினம். இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

காரணம் எளிது. தோல் வாத்தியம் அடித்த கணத்தில் பேசிவிட்டு அடங்கிவிடும். சிம்பல் அப்படியில்லை. ஒரு பெரிய ரைடு சிம்பலை ஓங்கி அடித்தால் அது அடங்க இருபது விநாடிகூட ஆகும். அவ்வளவு நேரமும் செட்டைச் சுற்றி வைத்த அத்தனை மைக்கிலும் அது நுழைந்துகொண்டே இருக்கும். ஸ்டுடியோவில் இதை 'லீக்' என்போம். ஸ்னேருக்கு இரண்டு அங்குலத்தில் மைக் வைத்தாலும், பக்கத்திலேயே ஹை-ஹாட் இருக்கிறது. மிக்ஸிங்கில் ஸ்னேரைத் தூக்கினால் கூடவே ஹை-ஹாட்டும் எழும்பி வரும். பிரகாசம் போதவில்லையென்று ஸ்னேரின் மேல்ஸ்தாயியைக் கூட்டினால் முதலில் பளிச்சிடுவது ஹை-ஹாட்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக், சில இடங்களில் இரண்டு, சிம்பல்களுக்கு மேலே ஓவர்ஹெட் இரண்டு என்று மொத்தம் பதினோரு மைக் வைத்தேன். தனித்தனியாகக் கேட்டால் எல்லாம் அருமை. எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தால் ஸ்னேர் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் மெலிந்து கேட்டது. பக்கத்து அறையில் வேலையாக இருந்த மூத்த ரெக்கார்டிஸ்ட் ஒருவர் வந்தார். எதுவும் பேசாமல் எல்லா ஃபேடரையும் இறக்கினார். ஓவர்ஹெட் இரண்டையும், காலால் அடிக்கும் கிக் டிரம்மின் மைக்கையும் மட்டும் ஏற்றினார். ஸ்னேருக்கு உடம்பு திரும்ப வந்துவிட்டது. பிறகு ஒரு மைக் கேபிளை எடுத்து, அதன் முனையை ஸ்னேரின் நடுவில் வைத்து, மறுமுனையை ஓவர்ஹெட் வரை இழுத்துக் காட்டினார். ஒரு மைக் மூன்றேகால் அடியில் இருந்தது, இன்னொன்று நான்கடியில்.

"ரெண்டும் ஸ்னேர்லேர்ந்து ஒரே தூரத்துல இருக்கணும்ப்பா. அதுக்கப்புறம்தான் மத்தது."

அவர் கேபிளால் அளந்து காட்டியதை நான் பிறகு ஸ்னேர் மைக்குக்கும் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். ஒலி மூன்றடி கடக்க ஏறக்குறைய 2.6 மில்லி விநாடி ஆகும். ஸ்னேரின் அருகிலுள்ள மைக்குக்கும் மேலேயுள்ள மைக்குக்கும் அந்த அளவு நேர வித்தியாசம் இருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது 190 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு அலையின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் கரைந்துபோகும். ஸ்னேரின் கனம் இருப்பதே 200 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். ஈக்வலைசரில் எவ்வளவு கூட்டினாலும் கரைந்துபோனது திரும்ப வராது. ஸ்னேர் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பிக் கேட்பது, ஓவர்ஹெட்டை நகர்த்திப் பார்ப்பது, இவைதான் மருந்து. இன்றும் என் பையில் அளப்பதற்கென்றே ஒரு துண்டுக் கேபிள் இருக்கிறது.

லெட் ஸெப்பலின் ராக் குழு 1971இல் வெளியிட்ட 'வென் தி லெவி பிரேக்ஸ்' பாட்டின் டிரம்ஸை எல்லா ஊர் இன்ஜினியர்களும் இன்றைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் குழுவின் டிரம்மர் ஜான் பான்ஹாமை உட்காரவைத்து, மேலே படிக்கட்டிலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு இன்ஜினியர் ஆண்டி ஜான்ஸ் எடுத்தது. பலரும் அந்தக் கூடத்தைப் புகழ்வார்கள். நான் பான்ஹாமின் கைகளைப் புகழ்வேன். அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கிற இரண்டு மைக்கில் கிக் இடிபோல் இருந்து சிம்பல் அதன் இடத்தில் நிற்கிறதென்றால், வாசிக்கும்போதே மிக்ஸிங் முடிந்துவிட்டது என்று பொருள். சிம்பலை வெளுத்து வாங்குகிற ஒருவரை அதே கூடத்தில் உட்காரவைத்திருந்தால் தகரக்கொட்டகையில் மழை பெய்ததுபோல் இருந்திருக்கும்.

எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1980இல் வந்த தன் மூன்றாவது ஆல்பத்துக்கு டிரம்மர்கள் சிம்பலே வாசிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில், வாசிப்பவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகக் கூரையில் வைத்திருந்த மைக் ஒன்று, கடுமையான கம்ப்ரஸர் வழியாகக் கன்சோலுக்கு வந்துகொண்டிருந்தது. ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் அடித்தபோது அந்த மைக் திறந்திருக்க, அறையே வெடித்துச் சட்டென்று அறுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டது. இன்ஜினியர் ஹ்யூ பட்ஜாம் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஆண்டு காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டு வழியாக அந்தச் சத்தம் உலகமெங்கும் போனது. எண்பதுகளின் டிரம்ஸே அப்படி ஆனது. அங்கே கிராஷ் சிம்பல் ஓயாமல் ஒலித்திருந்தால் கம்ப்ரஸர் அதன் வாலைத்தான் பிடித்து இழுத்திருக்கும்; இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

இயந்திரங்களுக்கும் சிம்பல் தண்ணி காட்டியிருக்கிறது. நிஜ டிரம்ஸ் ஒலிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு 1980இல் வந்த லின் எல்எம்-1 டிரம் மெஷினில் ஹை-ஹாட் உண்டு. கிராஷும் ரைடும் கிடையாது. அவ்வளவு நீண்ட ஒலியைச் சேமிக்க அன்றைய மெமரி சிப்பின் விலை கட்டுப்படியாகவில்லை. பிற்பாடு எம்பி3 வந்தபோதும் முதலில் சிதைந்தது சிம்பல்தான். குறைந்த பிட்ரேட்டில் பாட்டைக் கேட்டால் கிக் நன்றாகவே இருக்கும். சிம்பல் மட்டும் தண்ணீருக்கடியில் சலசலப்பதுபோல் கேட்கும்.

சிம்பலில் நமக்குப் பழக்கமான உலோகம்தான் இருக்கிறது. இஸ்தான்புல்லில் 1623இல் தொடங்கிய ஸில்ஜியான் குடும்பத்தின் சிம்பல்கள் செம்பு எண்பது பங்கு, வெள்ளீயம் இருபது பங்கு. நம் ஊர் வெண்கலமும் கிட்டத்தட்ட அதே கலவைதான். நாகஸ்வரக் கச்சேரியை ரெக்கார்ட் செய்தவர்களுக்குத் தாளத்தின் கூர்மை தெரியும். உள்ளங்கையளவு வெண்கலம், தவிலுக்கு வைத்த மைக்கிலும் நாகஸ்வரத்துக்கு வைத்த மைக்கிலும் ஊசிபோல் இறங்கும். ஒருமுறை தாளம் போடுகிற பெரியவரிடம், "ஐயா, நாலடி பின்னாடி தள்ளி உக்காருங்க" என்று கேட்டுக்கொண்டேன். முகம் கோணாமல் எழுந்து உட்கார்ந்தார். அந்த ஒலிப்பதிவில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

இப்போது பலர், எப்படி வாசித்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டரில் வேறு ஸ்னேரைப் பொருத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். நானும் அவசரத்துக்குச் செய்திருக்கிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஓவர்ஹெட் மைக்குகளில் நிஜ ஸ்னேர் அப்படியே இருக்கிறது. புதிதாகப் பொருத்தியது அதன்மேல் ஒட்டாமல் நிற்கிறது. ஹை-ஹாட்டின் ஆக்ரோஷத்தை எந்த மென்பொருளும் முழுதாக எடுத்துத் தருவதில்லை.

ஆகவே டிரம்ஸ் பழகுகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோவுக்கு வருமுன் ஒரு வாரம், கிக்கும் ஸ்னேரும் முழு பலத்தோடு, ஹை-ஹாட் அதில் பாதி பலத்தோடு வாசித்துப் பழகுங்கள். ஹை-ஹாட்டை விளிம்பில் குச்சியின் தோளால் அறையாமல் மேல்பக்கம் நுனியால் தொடுங்கள். கனமான சிம்பல்களை மேடைக்கு வைத்துக்கொண்டு, மெல்லியதை இங்கே கொண்டுவாருங்கள். பாட்டு முடிந்து கடைசி கிராஷ் அடித்ததும் குச்சியைக் கீழே போடாமல், நாற்காலி கிறீச்சிடாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி உட்கார்ந்திருங்கள். அது முழுதாக அடங்கும்வரை நான் ரெக்கார்டிங்கை நிறுத்துவதில்லை.