மூக்குக்கண்ணாடி செய்த உபகாரம்

இருபது வருஷ காலமாக நான் உபாத்தியாயர். குழந்தைகளுக்குப் படிப்பில் ருசி உண்டாக்குவது எப்படி என்று பெற்றோர்களுக்கு நான் செய்திருக்கும் உபதேசங்களுக்குக் கணக்கில்லை. ஆனால், சென்ற வருஷம் என் தமக்கையின் பிள்ளை எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தபோது, அவற்றில் ஒன்றுகூட எனக்குப் பயன்படவில்லை.

பையனுக்குப் பத்து வயது. மரம் ஏறுவான், பட்டம் விடுவான், தெரு நாய்கள் அனைத்துக்கும் பெயர் வைத்திருந்தான். புஸ்தகத்தைக் கண்டால் மட்டும் தலைவலி வந்துவிடும். தினம் மாலையில் அவனை எதிரே உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். லகர ளகரம் பிசகினால் நிறுத்துவேன். ரகர றகரம் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு மாதத்தில் அவன் குரல் தேய்ந்து முணுமுணுப்பாயிற்று.

ஒரு நாள், "மாமா, எனக்குப் படிப்பு வராது. அம்மாவுக்கு எழுதிவிடுங்கள்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் அழக்கூட இல்லை. என் மனம் துணுக்குற்றது.

மிருகங்களிடத்தில் அவனுக்குப் பிரியம் அதிகம். ஆகவே, 1944-ல் வெளிவந்த ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிக் கதைகளைத் தமிழில் வாங்கி வந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானே வாசித்துக் காட்டினேன். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907-ல் கார்பெட் சுட்டு வீழ்த்திய வரலாறு அதில் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டிய எனக்கு வெள்ளெழுத்து. கார்பெட் இரத்தச் சுவட்டைப் பின்பற்றிப் போய்க்கொண்டிருந்த கட்டத்தில் என் மூக்குக்கண்ணாடி முறிந்து போயிற்று.

"மீதி நாளைக்குத்தான்" என்றேன்.

"கண்ணாடி இல்லாமல் ஒன்றுமே தெரியாதா, மாமா?"

"எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிறாற்போல் இருக்கிறது, அப்பா!"

பையன் புஸ்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எத்தனையோ இடங்களில் தட்டுத் தடுமாறினான். 'பள்ளத்தாக்கு' என்ற சொல்லை மூன்று தவணையில் கடந்தான். திருத்துவதற்கு எனக்கு வழியில்லை; எழுத்தே தெரியவில்லையே! புலி விழுந்தபோது மணி பத்தரை. என் மனைவியும் அடுப்பங்கரை வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புஸ்தகத்தோடு அவனுக்கு என்றுமே விரோதம் இருந்ததில்லை. வரிக்கு வரி நான் நடத்திய பரீட்சைக்குத்தான் பயந்திருக்கிறான் என்பது அன்றுதான் விளங்கியது.

சீர்காழியில் பிறந்து, நூலகங்களுக்கென்று 1931-ல் ஐந்து விதிகளை வகுத்தளித்த எஸ். ஆர். ரங்கநாதன் முதலில் கணித ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் உரிய புஸ்தகம் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விதிகளில் ஒன்று. வீட்டுக் குழந்தைகளுக்கு அதோடு, குற்றம் பாராமல் உட்கார்ந்து கேட்க ஒருவரும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடியை மறுநாளே செப்பனிட்டாயிற்று. இருந்தாலும், சாப்பாடு ஆனதும் அதைக் கழற்றி மாடத்தில் வைத்துவிடுகிறேன்.

சென்ற வாரம் பையன் தன் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதி, விலாசம் எழுதுவதற்காக என்னிடம் கொடுத்தான். "பாவம், மாமாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. தினம் நான்தான் படித்துக் காட்டுகிறேன்" என்று அதில் கண்டிருந்தது. இரண்டிடத்தில் லகரம் பிசகியிருந்தது. அப்படியே ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டேன்.