எட்டே முக்கால் அடி இறக்கை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டின் முன் அறையில் உட்கார நாற்காலி கிடையாது. ஒரு ஃப்ளஷ் கதவைக் குறுக்கே கிடத்தி மேசையாக்கியிருக்கிறார்கள். அதன் மேல் சாஃப்ட் போர்டு, அதற்கு மேல் மாடல் விமானத்தின் முழு அளவு வரைபடம், வரைபடத்தில் பசை ஒட்டாமலிருக்க பாலிதீன் தாள். அந்தத் தாளின் மேல்தான் வலது இறக்கை பாதி எழும்பி நிற்கிறது. குண்டூசிகள் வரிசையாகக் குத்தி நிற்க, இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப்புகள் ஒரே இடைவெளியில் போகின்றன. மரத்தூளின் வாசனைக்குள் ஏதோ இனிப்பு கலந்திருந்தது.

கட்டுகிறவர் ஆலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அண்ணன் என்று கூப்பிடுகிறேன். அவர் கட்டுவது பைப்பர் ஜே-3 கப். அமெரிக்காவில் 1938 முதல் 1947 வரை தயாராகி, கிட்டத்தட்ட 20,000 எண்ணிக்கையில் வெளிவந்த பயிற்சி விமானம். மஞ்சள் உடம்பு, பக்கவாட்டில் கறுப்பு மின்னல் கோடு. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 35 அடி 3 அங்குலம். இங்கே உருவாவது அதில் நாலில் ஒரு பங்கு, அதாவது எட்டே முக்கால் அடி. ரேடியோவில் ஓட்டும் மாடல்களில் 80 அங்குலத்துக்கு மேல் இறக்கை நீண்டால் அதைப் பெரிய ரகம் என்கிறார்கள். இது 105 அங்குலத்தைத் தாண்டுகிறது.

நாலில் ஒரு பங்கு என்பதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. நீளம் நாலில் ஒன்றானால் இறக்கையின் பரப்பு பதினாறில் ஒன்றாகும். கன அளவு அறுபத்து நாலில் ஒன்றாகும். நிஜ கப் முழுச் சுமையோடு 553 கிலோ. அறுபத்து நாலால் வகுத்தால் எட்டரை கிலோ சொச்சம். "அந்த எட்டரைக்குள்ள முடிச்சிட்டா நிஜமானது மாதிரியே நிதானமா பறக்கும். தாண்டினா வேகமாத்தான் இறங்கணும்" என்றார் அண்ணன். நிஜ விமானம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே வேகம் குறைந்தால் காற்றில் நிற்காது. சரியான எடையில் கட்டிய மாடலுக்கு அந்த எல்லை அதில் பாதி, 30.

அதனால் இந்த அறையில் மிக முக்கியமான கருவி உளியோ ரம்பமோ கிடையாது, தராசு. பால்சா பலகைகள் ஒரே நீள அகலம், ஒரே தடிமன்: ஒரு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம், மூன்று மில்லி கனம். ஒன்றைத் தராசில் வைத்தார், 30 கிராம். பக்கத்தில் இருந்ததை வைத்தார், 60 கிராம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எடையை எழுதியிருக்கிறார். கனமானது இறக்கையின் நீளவாட்டுச் சட்டமான ஸ்பார் ஓடும் இடத்துக்கும் வயிற்றுப் பகுதிக்கும் போகும். இலேசானது வாலுக்கு. மாடல் பெட்டியோடு வந்த வால் பலகைகளில் சிலவற்றையே அவர் ஒதுக்கிவிட்டு, அதே வடிவத்தை இலேசான பலகையில் மறுபடி வெட்டியிருக்கிறார். கப்புக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும்.

பால்சா தென் அமெரிக்க மரம். உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஈக்வடாரிலிருந்து வருகிறது. நட்ட ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டிவிடலாம். பச்சையாக இருக்கும்போது பெரிய பெரிய உயிரணுக்களில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும். சூளையில் உலர்த்தினால் அந்த இடமெல்லாம் காற்றாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் கட்டிய மொஸ்கிட்டோ விமானத்தின் உடம்பு, பிர்ச் பிளைவுட் இரண்டுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டியதுதான். இன்று அதே மரம் காற்றாலை இறக்கைகளின் உள்ளீடாகப் போகிறது. 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் பெருகியபோது உலகெங்கும் பால்சாவுக்குத் தட்டுப்பாடு வந்து, மாடல் கட்டுகிறவர்கள் தவித்துப்போனார்கள்.

மேசையின் மறுபக்கத்தில் ஆசாரி நின்றிருந்தார். கடலூர் முதுநகரில் விசைப்படகு கட்டிய குடும்பம். இப்போது வீட்டு வேலைக்குப் போகிறார். அண்ணனுக்கு உதவியாக மாலையில் வந்துபோகிறார். மரம் ஈக்வடாருடையது, பார்க்கிற கண் கடலூருடையது. ஒரு பலகையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது பாருங்க சார், ரேகை நீளமா கோடு கோடா ஓடுது. வளைச்சா வளையும். இது புள்ளி புள்ளியா மினுக்குது. வளைக்காதீங்க, முறிஞ்சிடும். ஆனா முறுக்கிக்காது." மாடல் கட்டுகிறவர்கள் இதை ஏ, பி, சி என்று மூன்று வெட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். மரத்தின் வளையங்களை ஒட்டி அறுத்தது ஏ. இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி வளைத்து மூட அதுதான் ஏற்றது. வளையங்களுக்குக் குறுக்கே, நடுவிலிருந்து வெளியே அறுத்தது சி. விறைப்பாக நிற்க வேண்டிய ரிப்புக்கு அது. இந்தப் பாகுபாட்டை ஆசாரி எங்கேயும் படித்ததில்லை. படகின் விலா எலும்பான வங்குக்குக் கருவேலங்கிளை தேடும்போது, வளைவு மரத்திலேயே இருக்க வேண்டும், ரேகை அந்த வளைவோடு போக வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அது. நேரான மரத்தை வளைவாக அறுத்தால் அலை அடிக்கும் இடத்தில் ரேகை வழியே பிளந்துவிடும்.

ரிப்புகளையும் அவர் வங்கு என்றே சொல்கிறார். அண்ணனும் மறுப்பதில்லை.

கடற்கரையில் இந்தக் கண்ணுக்கு வேலை குறைந்துகொண்டே வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமி தேவனாம்பட்டினத்தையும் சிங்காரத்தோப்பையும் புரட்டிப்போட்ட பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். இலேசான மரங்களைத் தேர்ந்து கயிற்றால் பிணைத்த கட்டுமரங்கள் கரையிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயின. எந்த மரம் மிதக்கும், எது நீர் குடிக்கும், எது காய்ந்தால் திருகும் என்று தலைமுறைகளாகக் கற்ற அறிவு அது. ஒரு பொம்மை விமானத்தின் மேசையில் அது மறுபடி பயன்படுவதைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட ஆதங்கம்தான் அதிகம் வந்தது. பல கைகளுக்குப் போயிருக்க வேண்டியது ஒரே அறைக்குள் இருக்கிறது.

இறக்கைக்கு வருகிறேன். மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு ஸ்ப்ரூஸ் குச்சிகள் இறக்கை நீளத்துக்கும் ஓடுகின்றன; இவைதான் ஸ்பார். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளையப் பார்க்கும்; அப்போது மேல் குச்சி அமுங்கும், கீழ்க் குச்சி இழுபடும். இரண்டையும் பிரியவிடாமல் பிடித்திருப்பது நடுவில் ஒட்டும் மெல்லிய பால்சாத் தகடு. அந்தத் தகட்டின் ரேகை செங்குத்தாக நிற்க வேண்டும். படுக்கை வசமாக ஒட்டினால் மிச்சம் பிடிப்பது போலத் தோன்றும். பாரம் ஏறும்போது குச்சிகளுக்கு நடுவே நசுங்கிவிடும். முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் பலகை போர்த்தி மூடியதும் அந்தப் பகுதி ஒரு குழாயாகி, முறுக்குக்கு அசையாமல் நிற்கிறது. மூடும் முன்பும் பின்பும் நான் கையால் முறுக்கிப் பார்த்தேன். மூடும் முன் துணிபோலக் குழைந்தது. பிறகு அசையவில்லை.

மூடுவதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று. இறக்கையின் நுனியில் பின்விளிம்பை 14 மில்லி உயர்த்தி ஆப்பு வைத்தார்கள். நாற்பது சென்டிமீட்டர் அகல இறக்கைக்கு அது இரண்டு பாகைத் திருகல். வேகம் குறையும்போது இறக்கையின் அடிப்பகுதி முதலில் தூக்குவிசையை இழக்கும், நுனி கடைசி வரை பிடித்திருக்கும். திருகல் இல்லாவிட்டால் நுனி முதலில் விழும். விமானம் ஒரு பக்கமாகக் குடைசாய்ந்து தரையில் மோதும். இரண்டு இறக்கைக்கும் ஒரே ஆப்பு, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார்கள்.

மரத்தச்சர்கள் விமானம் கட்டுவது நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-ல், ஸ்ப்ரூஸ் மரச்சட்டமும் மஸ்லின் துணியும் கொண்டு. ஏழே ஆண்டுகளில், 1910-ல், சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற கார்சிகாக்காரர் ஒரு விமானத்தைச் செய்வித்து பல்லாவரத்தில் பறந்தார். அதைக் கட்டிக்கொடுத்தது குதிரை வண்டி செய்துகொண்டிருந்த சிம்சன் பட்டறை. சக்கரத்துக்கும் வண்டிச் சட்டத்துக்கும் மரம் பார்த்த கைகள்தாம் இறக்கைக்கும் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தச்சர்களின் பெயர்கள் நம் பாடப்புத்தகங்களில் இல்லை.

பசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கடற்கரை ஊர். சொட்டு விட்டதும் ஒட்டிக்கொள்ளும் சயனோ பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. கடலூரில் திறந்த குப்பி சீக்கிரம் கெட்டியாகிவிடும். அண்ணன் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுக்கிறார். மரப்பசையோ நேர்மாறு, ஐப்பசி கார்த்திகை மழையில் இரவு முழுக்கக் காத்திருந்தாலும் பிசுபிசுக்கும். அந்த மாதங்களில் அவர் இறக்கை ஒட்டுவதே இல்லை. எஞ்சின் பொருத்தும் முகப்புப் பலகைக்கு மட்டும் எபாக்ஸி, அதுவும் பிர்ச் பிளைவுட்டில். 20 சிசி பெட்ரோல் எஞ்சினின் அதிர்வைத் தாங்க வேண்டும்.

தெர்மோகோல் போன்ற நுரையில் வார்த்து வரும் விமானங்கள் மலிவு. வாங்கிய அன்றே பறக்கவிடலாம். பழகுவதற்கு நல்லவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் இறக்கைக்குள் பாரம் எந்த வழியாகப் போகிறது என்பதை நுரை ஒருபோதும் சொல்லித் தராது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாடல் விமானம் கட்டுவது பயிற்சியிலேயே இருக்கிறது. வாயு சைனிக் முகாமில் போட்டியும் நடக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா டிரோன் குழுவுக்கு 2018-ல் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தபோது, மாடல் விமானம் என்பது வெறும் விளையாட்டல்ல என்று பல பெற்றோருக்குப் புரிந்தது. அந்த ஆர்வம் கடலூர், விருத்தாசலம், பண்ருட்டி அரசுப் பள்ளிகளின் தச்சு மேசை வரை வந்து சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஒரு பலகை பால்சா, ஒரு பிளேடு, கொஞ்சம் பசை இருந்தால் ஒரு கிளைடர் ஆகிவிடும்.

தை அறுவடைக்குப் பிறகு பறக்கவிடும் நாள் வந்தது. இறக்கைகளைக் கழற்றி, பழைய போர்வையில் சுற்றி, வேனில் சிதம்பரம் கொண்டுபோனோம். கீழ வீதியில் தேர்கள் நிற்கும் இடத்தைக் கடந்தபோது ஆசாரி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் ஐந்து தேர்கள் இங்கே ஓடுகின்றன. மூலவரான நடராசரே தேரேறி வருகிறார். "இதுல கனம் இருந்தாத்தான் அசையாம போகும். நம்மளுதுல கனம் இருந்தா போச்சு" என்று சிரித்தபடி ஏறிக்கொண்டார்.

ஊருக்கு வெளியே, புவனகிரிப் பக்கம், மேய்ச்சல் தரை ஒன்று. அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாகத்தான் தெரியும், ஆனால் நெல் நிற்கும்போதே தெளித்த உளுந்து அங்கே முளைத்திருக்கும். அதில் விமானத்தை இறக்கக் கூடாது. 2021 டிரோன் விதிகளின்படி, 25 கிலோ வரையுள்ள மாடல்களைப் படிப்புக்கும் பொழுதுபோக்குக்கும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கவிட வகைச் சான்றிதழ் தேவையில்லை; முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம்தான் எல்லை. மண்டல வரைபடத்தை முன்னமே பார்த்து வைத்திருந்தார்கள். கடற்காற்று எழும்புமுன் காலையிலேயே வேலையைத் தொடங்கினோம்.

எடை எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 11 சென்டிமீட்டரில். ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்து, தூரம் நடந்துபோய், எல்லா இணைப்பும் கேட்கிறதா என்று பார்த்தார்கள். புதுச்சேரியிலிருந்து வந்த நண்பர் ஓட்டினார். புல்லில் இருபது முப்பது அடி ஓடியதும் வால் எழுந்தது, பிறகு சக்கரம் தரையை விட்டது. மாடு மேய்த்த பையன்கள் கத்திக்கொண்டே ஓடினார்கள். அண்ணன் எதுவும் பேசவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்தபடி நின்றார்.

விமானம் இடது பக்கம் சாய்ந்தது. ஓட்டுகிறவர் திருத்திக்கொண்டே சுற்றினார். "இடது இறக்கை கனமோ?" என்றார் அண்ணன். ஆசாரி கேட்டது வேறு: "மெதுவா போறப்பவும் சாயுதா சார்?" வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், சாய்வு குறைந்தது. எஞ்சினை முடுக்கினால் மறுபடி சாய்ந்தது. கனம் காரணமென்றால் மெதுவாகப் போகும்போதுதான் அதிகம் தெரியும். வேகத்தோடு கூடுகிற சாய்வு திருகலால் வருவது. வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும். இறக்கி வைத்து, நுனியில் அளந்தார்கள். இடது பக்கம் பின்விளிம்பு மூன்று மில்லி கூடுதலாக உயர்ந்திருந்தது. கப்பின் பின்பக்கத் தாங்குகோலில், நிஜ விமானத்தில் இருப்பது போலவே, திருகித் திருத்தும் முனை ஒன்று உண்டு. அண்ணன் பின்னைக் கழற்றி, முனையை உள்ளே திருகிக் கோலைக் கொஞ்சம் குட்டையாக்கினார். இரண்டு நுனியும் சமமாக வந்ததும் ரேடியோவில் சேர்த்திருந்த திருத்தங்களை நண்பர் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

இரண்டாவது முறை கையை எடுத்த பிறகும் அது நேராகவே போனது. பெட்ரோலை மறுபடி நிரப்பும்போது பையன்களில் மூத்தவன், இதை எங்கே வாங்குவது என்று கேட்டான். வாங்க வேண்டாம், முதலில் கிளைடர் கட்டலாம் என்றார் அண்ணன். ஆசாரி அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, வேனில் இருந்த மிச்சப் பலகையை வெளிச்சத்தில் பிடித்து, ரேகையைக் காட்டத் தொடங்கினார்.