ஸ்கூட் விடும் நேரம்

மதியம் இரண்டு மணிக்கு ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர் வெட்டுக்காரர்களுக்கு வேலை இருக்காது. விடியும் முன்பே மரத்தைக் கீறி, பால் எடுத்து, ஷீட் அடித்துக் காயப் போட்டாகிவிடும். சாப்பாடும் முடிந்த பிறகு, ஒன்றரை ஏக்கர் ரப்பருக்குச் சொந்தக்காரரான ஒரு பெரியவரின் திண்ணையில் நான்கு பேர் கூடுகிறார்கள். இரண்டு கட்டுச் சீட்டு, ஒரு நோட்டுப் புத்தகம், 101 பாயிண்ட் ரம்மி. தோற்றால் போவது ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும்.

பந்தயம் சிறியதுதான், ஆனால் பெரியவர் ஆடும் விதத்தில் விளையாட்டுத்தனம் கிடையாது. பதின்மூன்று சீட்டையும் விரித்து ஒருமுறை பார்க்கிறார். பல நேரம் உடனே கவிழ்த்துவிடுகிறார். "ஸ்கூட்." நோட்டில் 20 ஏறுகிறது. சீட்டு எடுத்து ஆடிய பிறகு விட்டால் அது மிடில் ஸ்கூட், 40. கடைசிவரை இருந்து, ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் ரம்மிகூடச் சேராமல் மாட்டினால் ஃபுல், 80. ஆட்டத்தின் கஷ்டமெல்லாம் இந்த மூன்று எண்களுக்குள்தான்.

வெளிநாட்டுச் சூதாட்ட மேசைகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். ஸ்டட் போக்கரில் எதிராளியின் சீட்டுகளில் சில திறந்தே கிடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் யாராவது பந்தயம் கட்டினால் புதிதாகப் பணம் போட வேண்டும், அல்லது விலக வேண்டும். ரம்மியில் விலகுவதற்கான விலை முதலிலேயே எழுதி வைத்தது. அதனால் இது சுலபம் என்று நினைப்பவர்கள் திண்ணைக்குப் புதியவர்கள்.

பெரியவரின் கணக்கு எளிமையானது. கையில் ஹார்ட்டின் அஞ்சும் ஆறும் இருந்தால் நாலும் ஏழும் உதவும். இரண்டு கட்டில் அது நான்கு சீட்டு. அஞ்சும் ஏழும் என்றால் ஆறு மட்டுமே, அதாவது இரண்டே சீட்டு. அதில் ஒன்று ஏற்கெனவே கீழே விழுந்திருந்தால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்றுக்காக உட்கார்ந்திருப்பவனுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அச்சில் ஏற்றக்கூடியதல்ல. ஜோக்கர் வந்ததென்று குஷியாகி, ஒட்டே இல்லாத சீட்டுகளோடு இறங்குபவனும் அவர் கணக்கில் அதே ஜாதி.

மிடில் ஸ்கூட் அவருக்குப் பிடிக்காது. ஒரிஜினல் ரம்மியும் இன்னொரு வரிசையும் சேர்ந்து, உதிரிச் சீட்டு மொத்தம் 25 பாயிண்ட்தான் என்றால், பயந்துபோய் 40 கொடுத்து விலகுவது முட்டாள்தனம், தோற்றாலே 25தானே. ஆனால் நாலைந்து சீட்டு இழுத்தும் ஒரிஜினல் சேரவில்லை, எதிரில் இருப்பவன் கீழே போடும் சீட்டை ஆவலோடு எடுக்கிறான் என்றால், 40ஐக் கொடுத்துவிட வேண்டும். இதுவரை இழுத்தோமே என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும் என்பது அவர் கட்சி.

அதற்காக ஸ்கூட்டை மட்டுமே நம்பவும் முடியாது. ஐந்து ஸ்கூட் விட்டால் 100. ஆறாவதுக்கு இடமில்லை. 81ஐத் தொட்டவனுக்கு ஸ்கூட்டே கிடையாது, 'கம்பல்சரி'; எந்தக் கை வந்தாலும் ஆடியே ஆக வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர் 2011 ஏப்ரலில் கோட்டை விட்டார். அந்த மாதம் ஆர்.எஸ்.எஸ். 4 ரகம் கிலோ 240 ரூபாய் அளவுக்கு ஏறியது. புகைபோட்ட ஷீட்டுகள் வீடு நிறைய அடுக்கியிருந்தன. விற்றுவிடலாம் என்றார் மனைவி. 250 வரட்டும் என்று காத்தார். மழை வந்தது, பூஞ்சை வந்தது, 250 வரவில்லை. விலை இறங்க இறங்க, ஏறும் என்றே இருந்துவிட்டுக் கடைசியில் கிடைத்த விலைக்குக் கொடுத்தார். 2016 தொடக்கத்தில் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே போனபோது, அந்த 240ஐப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

அவருடைய தங்கையை விளவங்கோடு பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. 1956 நவம்பர் 1க்குப் பிறகு விளவங்கோடு தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம். உறவு மட்டும் பழையபடி இரண்டு பக்கமும். தங்கை மகன் சிறுவயதில் விடுமுறைக்கு வந்தபோது இந்தத் திண்ணையில்தான் சீட்டுப் பிடிக்கப் பழகினான்.

செல்போன் ரம்மி வந்ததும் அவனுக்குத் திண்ணை தேவைப்படவில்லை. 2020 நவம்பரில் தமிழ்நாடு தடை போட்டது. 2021 பிப்ரவரியில் கேரளம். அந்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றமும் அடுத்த மாதம் கேரள உயர் நீதிமன்றமும் தடைகளை ரத்து செய்தன. ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இலேயே சொல்லியிருந்தது. திறமைசாலி மருமகன் 2022இல் மாமா வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நாற்பதாயிரம் வேணும் மாமா. ஒரே மாசத்துல புடிச்சிருவேன்."

"கடன் எவ்வளவு மக்களே?"

பதில் சொல்ல அவனுக்கு நேரம் பிடித்தது. பிளேடுக்காரரிடம் வாங்கியது மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். பெரியவர் விசாரித்தது வேறொன்று: போனில் அடுத்த கை வர எவ்வளவு நேரம் ஆகும்? சில விநாடிகள் என்றான். திண்ணையில் சீட்டைக் கலைத்து, வெட்டி, போட்டு, நோட்டில் எழுதி, முந்தைய கைக்குச் சண்டை போட்டு முடிக்கப் பத்து நிமிஷம் ஆகிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் எத்தனையோ பேர் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஆடுவதற்கு ஒரு காசு தரவில்லை. மறுநாள் காலை, அடுக்கியிருந்த ஷீட் முழுவதையும் அன்றைய விலைக்கே கடையில் போட்டார். அடுத்த மாதம் ஏறும் என்று கடைக்காரரே சொன்னார். பெரியவர் நிற்கவில்லை. போதாத பணத்துக்கு மனைவியின் வளையல் போனது. மருமகனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிளேடுக்காரரிடம் தானே எண்ணிக் கொடுத்துப் பத்திரத்தை வாங்கினார். அவன் போனிலிருந்த ஆட்டத்தை அங்கேயே அழிக்கச் சொன்னார். அழித்தான், இரண்டு முறை திரும்ப ஏற்றினான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திண்ணையில் அந்தச் செய்தியை யாரோ வாசித்தார்கள். பெரியவர் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். வளையல் அதுவரை திரும்பி வரவில்லை.

மருமகன் இப்போதும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். ஆடுவதில்லை, நோட்டு எழுதுகிறான். போன வாரம் மாமாவின் கணக்கு 84.

"கம்பல்சரி, மாமா" என்றான்.

"தெரியும்டே. சீட்டைப் போடச் சொல்லு."