காப்பும் கசிவும்

நூல் செய்யப் புகுந்த புலவர்கள், இடையூறு நேராதிருக்க வேண்டி முதலில் காப்புச் செய்யுள் பாடினர். குழந்தையின் கையில் அணிவிக்கும் வளையும் காப்பே. மின்னியலுக்குத் தமிழ்ச்சொல் தேடியோர், மின்சாரம் வெளியேறாமல் தடுக்கும் பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் அச்சொல்லையே சூட்டி 'மின்காப்பு' என்றனர். பொருத்தமான பெயர்தான். ஆயினும் வீட்டு மின்கம்பியில் அக்காப்பின் அருமை எவருக்கும் புலப்படுவதில்லை. அதனை உள்ளபடி அறிந்தவர்களைக் காண வேண்டுமாயின், நெட்டலையில் செய்தி அனுப்ப முயலும் வானொலி ஆர்வலர்களிடம் செல்ல வேண்டும்.

இவர்கள் ஊதியம் கருதாது, அரசின் உரிமம் பெற்று, வானலையில் ஒருவரோடொருவர் தொடர்பு கொள்வோர். நீண்ட அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்று எண்ணிய காலத்தில், 1912-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இவர்களை 200 மீட்டருக்கு உட்பட்ட சிறிய அலைகளுக்குத் தள்ளியது. எதற்கும் உதவாதவை என்று ஒதுக்கப்பட்ட அவ்வலைகளைக் கொண்டே, 1923-இல் ஆர்வலர்கள் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து உரையாடிக் காட்டினர். தள்ளியவர்கள் தலைகுனிந்திருக்க வேண்டும்! முக்கால் நூற்றாண்டு கழிந்தபின் நெட்டலையின் கதவு அவர்களுக்குத் திறந்தது. பிரித்தானியாவில் 1998-இல் 136 கிலோ ஹெர்ட்ஸ் அளவில் இசைவு கிடைத்தது. 2007-இல் கூடிய உலக வானொலி மாநாடு 135.7 முதல் 137.8 கிலோ ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒடுங்கிய பட்டையை உலக நாடுகளின் ஆர்வலர்களுக்கு ஒதுக்கியது. வீசும் ஆற்றல் 1 வாட்டைத் தாண்டலாகாது என்பது நிபந்தனை.

ஒரு வாட் என்பது கைவிளக்கின் சிறு பல்பு கொள்ளும் ஆற்றலன்றோ, அதற்கும் ஒரு வரம்பா என்று கேட்கத் தோன்றும். அந்த ஒரு வாட்டை எட்டுவதே அவர்களுக்குப் பெரும்பாடு. 137 கிலோ ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2,190 மீட்டர். அதில் காற்பங்கு உயரமாவது இருந்தால்தான் ஏரியல் கம்பி எளிதில் அலையை வீசும். காற்பங்கு என்பது 547 மீட்டர். கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் 452 மீட்டர்தான். இங்கிலாந்தின் புறநகர் வீடொன்றின் பின்தோட்டத்தில் நிறுத்தக்கூடிய கம்பமோ 12 மீட்டர். அதன் உச்சியிலிருந்து கிடையாக இழுத்துக் கட்டிய கம்பியோடு சேர்த்தாலும், அலையின் முன் அது ஒரு துரும்பு.

துரும்பான ஏரியல் மின்னோட்டத்தை எளிதில் ஏற்காது. 300 பிக்கோபாரட் கொண்ட சிறு மின்தேக்கிபோல் நின்று, 3,870 ஓம் அளவுக்கு அது எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்பை ஈடுசெய்யப் பெரியதொரு கம்பிச்சுருளை அடியில் இணைக்கின்றனர். மின்னோட்டம் 2 ஆம்பியரை அடையும்போது, கம்பியின் மின்னழுத்தம் 7,700 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. மண்ணிலும் சுருளிலும் 50 ஓம் தடை இருப்பதாகக் கொண்டால், அனுப்பும் கருவி 200 வாட் தர வேண்டும். அதில் அலையாகப் புறப்படுவது ஐந்தில் ஒரு வாட்டுக்கும் சற்றுக் குறைவே. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! எஞ்சியதெல்லாம் மண்ணையும் செம்பையும் சூடாக்கி மடிகிறது.

இத்தகைய ஏரியலைத் தாங்கும் காப்புகளில் ஈரமோ அழுக்கோ படிந்து, மொத்தத் தடை 1 மெகா ஓமாக இறங்கியதாக வைத்துக்கொள்வோம். மெகா ஓம் என்பது பத்து இலட்சம் ஓம். வீட்டு மின்வேலை செய்பவர் அதனை நல்ல காப்பென்றே கொள்வார். 7,700 வோல்ட்டின் முன் அது கசியும் குடமாகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், மண்ணின் தடையோடு மேலும் 15 ஓம் சேர்ந்ததற்கு அது ஒப்பாகும். 2 ஆம்பியர் 1.75 ஆகக் குறைகிறது. 200 வாட்டில் 46 வாட் காப்பின் வழியே வீணாகிறது. ஏரியல் வீசும் ஆற்றலைப்போல் முந்நூறு மடங்குக்கும் மேற்பட்டதை, ஒன்றும் செய்யாதிருப்பதற்கென்றே தொங்கவிட்ட பொருள் உண்டுவிடுகிறது. தடையைப் பத்து மெகா ஓமாக உயர்த்தினாலும் ஏறத்தாழ 6 வாட் போகும்.

மண்ணில் போவது இதனினும் பெரிதாயிற்றே, காப்புக்காக ஏன் இத்தனை கவலை என்று சிலர் கேட்பதுண்டு. மண் வாய்த்தபடி வாய்த்தது. அதனைத் திருத்துவது அரிது. காப்பு கைக்கு எட்டியது. அன்றியும், கசியும் இடம் சூடேறிக் கருகினால், கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால், இன்றைய சிறு கசிவு நாளை பெரிதாகும்.

எனவே பொருளைத் தேர்வதில் அவர்கள் காட்டும் நுணுக்கம் வியப்பளிப்பது. நைலான் கயிறு நீரைக் குடிக்கும். பாலிபுரொப்பிலீன் கயிறு குடிக்காது. மெருகிட்ட பீங்கானும் கண்ணாடியும் நல்லவையாயினும், அவற்றின் மேல் மழைநீர் படலமாகப் பரவும். டெஃப்லானில் நீர், தாமரை இலைமேல் போல, தனித்தனித் துளியாக நிற்கும். காப்பைச் சுற்றிக் குடைபோன்ற விளிம்புகள் வைப்பது, கசிவு செல்லும் பாதையை நீட்டவும் அதில் ஒரு பகுதியாவது உலர்ந்திருக்கவும்தான். பி.வி.சி. குழாயில் சுருள் சுற்றியவர்கள், வெளியில் கசிவே இல்லாதபோதும் குழாய் உள்ளுக்குள் வெந்து இளகக் கண்டிருக்கின்றனர். சிற்சில பொருள்கள், அதிரும் மின்புலத்தில் தாமே சூடாகும் இயல்பின. காப்புத் தேடிய இவ்வரலாற்றில் மலாயாவுக்கும் பங்குண்டு: 1851-இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு, இத்தீபகற்பத்துக் காடுகளின் கெத்தா பெர்ச்சா மரப்பாலே உறையாயிற்று.

கசிவைக் கண்டுபிடிப்பது எளிதன்று. சிறு மின்கலத்தில் இயங்கும் அளவுகருவி, அந்தச் சில வோல்ட்டில் கசிவைக் காட்டாது. ஆர்வலர்கள் சில நிமிடம் கருவியை இயக்கி, நிறுத்தி, கம்பியை மண்ணோடு இணைத்தபின் காப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கின்றனர். வெதுவெதுப்பாக இருப்பதே குற்றவாளி. இணைக்க மறந்து தொடுவது விபரீதம். கருவி இயங்கும்போது தொட்டால் சதை கருகும். சன்னல் வழியே கம்பி நுழையுமிடமே பெரும்பாலும் ஏமாற்றுகிறது. ஈரச் செங்கல்லும் மரச்சட்டமும் அங்கே அருகிலிருக்க, ஆர்வலரின் கண்ணெல்லாம் கம்பத்தின் உச்சிமேல்தான் இருக்கும்.

இவ்வளவு மெலிந்த அலை கடல் கடந்து கேட்க வேண்டுமானால், மோர்ஸ் குறியை மிக மெதுவாக அனுப்ப வேண்டும். ஒரு புள்ளியை 60 வினாடி நீட்டுவதும் உண்டு; அப்போது ஒரு கோடு 3 நிமிடமாகும். மறுகரையில் அதனைக் காதால் கேட்பதில்லை. கணினித் திரையில் மெல்லிய கோடாக ஊரும்போது கண்ணால் படிக்கின்றனர். ஐந்து எழுத்துக் கொண்ட அழைப்புக்குறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை விழுங்கும். நள்ளிரவில் மூன்றாம் எழுத்து போய்க்கொண்டிருக்கையில் தூறல் தொடங்குகிறது. ஆர்வலர் ஆம்பியர்மானியின் முள்ளையே பார்த்தபடி இருக்கிறார். அது 2-லிருந்து மெல்ல இறங்குகிறது. இன்னும் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன.