பதினோரு பாட்டில்

எங்க லைன் வீட்டுக்குள்ளே வந்த முதல் பீர் பாட்டில்கள் பதினொன்றும் காலிப் பாட்டில்கள். 1978 டிசம்பர். காப்பிப் பழம் பறிக்கிற மும்முரம். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் அப்பா அடுப்படி எடுபிடி. இருட்டின பிறகு சாக்கில் வைக்கோல் சுற்றி, மேலாக்கில் சுள்ளியைப் பரப்பித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். விறகென்று நினைத்து இறக்கப் போன அம்மாவை "மெதுவாடீ, மெதுவா" என்று அதட்டினார்.

அப்போது மாநிலம் முழுக்க மதுவிலக்கு. பங்களாவுக்குப் பெர்மிட் இருந்தது. குடித்த பாட்டிலை அவர்கள் பின்கட்டில் வரிசையாக அடுக்கி வைக்கலாம். அதே காலிப் பாட்டில் லைனில் கிடந்தால் சாட்சி.

நாங்கள் செய்ய நினைத்தது சாராயம் இல்லை. இஞ்சி பீர். பங்களாவில் வருசா வருசம் கிறிஸ்மசுக்குப் போடுவார்கள். இஞ்சியைத் தட்டி, சர்க்கரையும் எலுமிச்சம் சாறும் சேர்த்து, கொதிதண்ணி ஊற்றிப் பீங்கான் சாடியில் மூடி வைப்பார்கள். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறினதும் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட் ஒரு கரண்டி. ரெண்டு மூணு நாளில் நுரை கட்டி அடங்கும். மெல்லிசுத் துணியில் வடித்து, கழுத்துக்குக் கீழே ரெண்டு விரக்கடை விட்டுப் பாட்டிலில் ஊற்றி, வெந்நீரில் ஊறின கார்க்கை அடித்துச் சணலால் கட்டுவார்கள். மிச்சமிருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் தின்று விடுகிற காற்று வெளியே போக வழியில்லாமல் தண்ணியிலேயே கரைந்து நிற்கும். திறந்தால் புஸ்ஸென்று பொங்கும். போதை என்று சொல்ல அதில் பெரிசாக ஒன்றுமில்லை. பங்களாம்மா தன் கையாலேயே பேர் எழுதி ஒட்டுவாராம். ஒரு வருசம் ஸ்டோர் ரூமில் ஒரு பாட்டில் வெடித்து விருந்தாளிகளெல்லாம் சிரித்தார்கள், கண்ணாடியைப் பொறுக்கினது நான்தான் என்று அப்பா சொல்வார்.

எங்க வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்க முடியாது. சென்னை மாகாணத்திலேயே முதலில் மதுவிலக்கு வந்தது எங்க சேலம் ஜில்லாவுக்குத்தான், 1937 அக்டோபர் 1, ராஜாஜி மந்திரிசபை. 1948ல் மாகாணம் முழுக்க. 1971ல் கடையைத் திறந்தார்கள், 1974ல் மூடினார்கள், 1981ல் மறுபடி திறந்தார்கள். திறந்தாலும் மூடினாலும் முதலில் சோதனை போடுவது சேரியையும் லைனையும்தான். நான் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போது ஓடைக்கரையில் புதைத்திருந்த ஊறல் பானைக்காக அப்பாவைப் பிடித்துப் போனார்கள். பானை யாருடையது என்று லைனுக்கே தெரியும். அப்பா வீடுதான் ஓடைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆறு மாசம் கழித்து வந்தவர் ராத்திரியில் கதவுக்கு முதுகு கொடுத்துப் படுக்க ஆரம்பித்தார்.

அப்படிப்பட்ட மனுசன் ஏன் இதைச் செய்தார்? பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் கிறிஸ்மசுக்கு என்ன குடித்தோம் என்று பேசினதை நான் வீட்டில் வந்து சொல்லியிருந்தேன். அது எனக்கு இன்னைக்கும் உறுத்துகிறது.

ரேசன் சர்க்கரை போதவில்லை, அம்மா வெல்லம் நுணுக்கிப் போட்டாள், அளவு தெரியாமல் தாராளமாக. சாடி கிடையாது, சோத்துக் குண்டான்தான். பாட்டில்களைச் சாம்பலும் புளியும் போட்டு நான் கழுவினேன். பங்களா ஸ்டோர் ரூம் அடுப்புப் புகைபோக்கியை ஒட்டி எப்போதும் கதகதப்பாக இருக்கும். எங்க வீட்டில் மார்கழிப் பனி ஓட்டு வழியாகவே இறங்கும். குண்டானில் நுரையே கட்டவில்லை. குளிரில் ஈஸ்ட் தூங்குகிறது என்பது எங்களுக்கு என்ன தெரியும்? பொங்கி அடங்கிவிட்டது என்று நினைத்து மூணாம் நாள் பாட்டிலில் அடைத்தோம். ஆயா புனல் பிடிக்க, நான் ஊற்ற, அப்பா உலக்கைக் கட்டையால் கார்க்கு அடித்தார். அவர் சீட்டியடித்து அன்றைக்குத்தான் கேட்டேன். பாட்டில் சில்லென்று இருக்கக்கூடாது என்று அம்மா அடுப்பு மூலையில் அடுக்கிச் சாக்கைப் போர்த்தினாள்.

சூட்டில் ஈஸ்ட் முழித்துக்கொண்டது. தின்பதற்கு அத்தனை வெல்லம் இருந்தது.

ரெண்டாம் ராத்திரி முதல் பாட்டில் வெடித்தது. துப்பாக்கி மாதிரி. பின்னாலேயே இன்னும் நாலு. பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டது. "போலீசுடா, எந்திரிங்கடா" என்று யாரோ கத்தினார்கள். விளக்கைத் தூண்டிப் பார்த்தால் அப்பா இல்லை. தூக்கக் கலக்கத்திலேயே பின்கதவைத் திறந்து காப்பிக்குள்ளே ஓடியிருக்கிறார். அம்மா பேசவேயில்லை. மிச்சப் பாட்டில்களைச் சாக்கோடு தூக்கிப் போய் வாய்க்காலில் கவிழ்த்தாள். நானும் ஆயாவும் கண்ணாடி பொறுக்கினோம். வெல்லமும் இஞ்சியும் வீடு பூரா மணத்தது. அந்த வாசனையை மறைக்க ஆயா அடுப்பில் மிளகாயைப் போட்டாள்.

விடிகிற நேரம் அப்பா வந்தார். முகமெல்லாம் கிளை கீறின ரத்தம். என்ன வெடித்தது என்று அவருக்குப் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டதாம். தெரிந்தும் கால் நிற்கவில்லை என்றார்.

என் அக்கா மகன் இப்போது பெங்களூரில் லைசென்ஸ் வாங்கின பீர்க் கூடமொன்றில் வேலை செய்கிறான். போனவாட்டி போனபோது காட்டினான். சர்க்கரையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறார்கள். "ஏன் மாமா பாட்டிலைத் தள்ளி நின்னே பாக்குறீங்க?" என்றான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தபோது, ஊறல் அழிப்பு என்று கல்வராயன் மலையில் பானைகளை உடைக்கிற படம் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சனங்களைக் கொன்ற மெத்தனால் எந்தப் பானையிலும் ஊறினதில்லை, ஆலைச் சரக்கு. படத்தில் ஒரு பெண் பானைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

வாய்க்காலுக்குப் போகாமல் ஒரு பாட்டில் தப்பியிருந்தது. ஆயா அரிசி மூட்டைக்குள்ளே செருகிவிட்டாள். கிறிஸ்மஸ் அன்றைக்குப் பூசை முடிந்து வந்து, பாட்டிலை ஈரத்துணியில் சுற்றி, வாசலுக்குக் கொண்டுபோய்ச் சணலை அறுத்தாள். கார்க்கு ஓட்டைத் தாண்டிப் போனது. நல்ல காரம். மூக்கில் ஏறியது. எனக்கு ஒரு டம்ளர், அக்காளுக்கு ஒரு டம்ளர். அப்பாவுக்கு ஊற்றி வைத்ததில் பொங்கினதெல்லாம் அடங்கி, சாயங்காலம் வரைக்கும் திண்ணையிலேயே இருந்தது.