ஒளி நடக்கும் வேகம்

பாடப்புத்தகத்தில் சூரியக் குடும்பத்தின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் சூரியனின் ஒரு துண்டு. அதை ஒட்டி, ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல் எட்டுக் கோள்கள். சனிக்கு மட்டும் ஒரு வளையம். பிள்ளைகள் புதனிலிருந்து நெப்டியூன் வரை ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் மனதில் தங்கிவிடுவது பெயர்கள் மட்டுமல்ல, அந்த நெருக்கமும்தான். சூரியக் குடும்பத்தின் முதல் உண்மை அதன் வெறுமை. அந்த வெறுமையை எந்தப் பக்கத்திலும் அச்சிட முடியாது. சூரியனை ஒரு சென்டிமீட்டர் வட்டமாக வரைந்தால், பூமியை ஒரு மீட்டருக்கும் அப்பால், கண்ணுக்குத் தென்படாத ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். நெப்டியூனுக்கு 32 மீட்டர் போக வேண்டும். அவ்வளவு நீளத் தாளை எந்த அச்சகமும் தராது.

திருவொற்றியூரில் ஞாயிறுதோறும் சில பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிறேன். பெரும்பாலும் ஆறாவது, ஏழாவது படிப்பவர்கள். காசிமேட்டிலிருந்தும் எண்ணூர்க் குப்பங்களிலிருந்தும் வருபவர்கள் பாதிப் பேர். தாள் போதாது என்றானபின் எங்களிடம் மிச்சமிருந்தது சாலை ஒன்றுதான். ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, காகம் பறக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். சூரியனிலிருந்து நெப்டியூன் சராசரியாக 450 கோடி கிலோமீட்டர். ஆகவே ஒரு மீட்டருக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டால் சூரியக் குடும்பம் மொத்தமும் வடசென்னைக்குள் அடங்கிவிடுகிறது.

இந்த அளவில் சூரியனின் குறுக்களவு நாலரை மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு கன்டெய்னர் மேல் இன்னொன்றை ஏற்றினால் வரும் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதை ராயபுரம் நிலையத்தின் வாசலில், 1856இல் கட்டிய அந்தத் தூண்களுக்கு முன்னால் வைத்தோம் (மனத்தால்தான்). பூமி, நாலேகால் சென்டிமீட்டர், ஓர் எலுமிச்சம்பழம். வெள்ளி அதைவிட ஒரு மயிரிழை சிறிய எலுமிச்சை. புதனுக்குக் கோலிக்குண்டு, செவ்வாய்க்கு நெல்லிக்காய். இவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

கிளம்புமுன் ஒரு நிபந்தனை சொன்னேன். ஒளி விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. நம் கணக்கில் மூன்று லட்சம் கிலோமீட்டர் என்பது ஒரு மீட்டர். எனவே விநாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடக்க வேண்டும், அதற்குமேல் கூடாது. பிரபஞ்சத்திலேயே வேகமானது எது என்ற கேள்விக்கு ஒளி என்று பதில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள். நடக்கத் தொடங்கிய இரண்டாம் நிமிடமே பொறுமை இழந்துவிட்டார்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது உணவுக்குப்பின் பெரியவர்கள் உலாத்தும் நடை. தலையில் மீன்கூடையுடன் போன ஓர் அம்மாள் எங்களைக் கடந்து போனார். "சார், அந்தம்மா ஒளிய ஓவர்டேக் பண்ணிட்டாங்க" என்றான் ஒருவன். ஒளியின் வேகத்தைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அது எவ்வளவு மெதுவானது, அதாவது வெளி எவ்வளவு பெரியது என்பது எனக்கே அன்றுதான் காலில் உறைத்தது.

மூன்று நிமிடம் கடந்ததும் கோலிக்குண்டு. ஆறாம் நிமிடத்தில் வெள்ளி. கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு விடிவெள்ளியைத் தெரியும். புத்தகத்தில் இரண்டாவதாக நிற்கும் வெள்ளிதான் அது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 500 மீட்டரில், 8 நிமிடம் 20 விநாடியில் பூமி. எலுமிச்சையை ஒரு திண்ணைமேல் வைத்துவிட்டு, மூன்று முழத்துக்குச் சற்றுக் குறைவாக அளந்து ஒரு கொண்டைக்கடலையை வைத்தோம். அது நிலா. 1969இலிருந்து 1972 வரை மனிதர் பயணம் செய்த தூரம் அந்த மூன்று முழம்தான். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 இறங்கியது அந்தக் கடலைமேல். அதே ஆண்டு செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா-எல்1 நிற்கும் இடம் எலுமிச்சையிலிருந்து ஐந்து மீட்டர். சூரியனுக்குப் பக்கத்தில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி ரயில் நிலையத்தைப் பார்த்தார்கள்.

இந்த 500 மீட்டரை அளந்தது எளிய காரியம் அல்ல. கோள்களின் தூர விகிதங்கள் கெப்ளர் காலத்திலேயே தெரிந்துவிட்டன. ஆனால் உண்மையான கிலோமீட்டர் கணக்கு தெரிய வேண்டுமானால், வெள்ளி சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து பார்த்து அளக்க வேண்டியிருந்தது. நூற்றாண்டுக்கு இரண்டு முறைகூட வாய்க்காத நிகழ்ச்சி. 1874 டிசம்பர் 9இல் அது வந்தபோது, நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதைப்பற்றித் தமிழ் உட்படச் சில மொழிகளில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கம் கணித்த மரபிலிருந்து வந்தவர். பொதுமக்களுக்குப் புரியும்படி வானியலைச் சொல்ல முடியும் என்று 150 ஆண்டுகளுக்கு முன் நம்பிய அந்த மனிதரை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியிலாவது நினைவுகூரலாம். வெள்ளியின் அந்தக் கடப்பு பிறகு 1882, 2004, 2012 ஆண்டுகளில் நிகழ்ந்தது. அடுத்தது 2117இல்தான்.

செவ்வாய் 760 மீட்டரில். அதற்கப்பால் சிறுகோள்களின் வட்டாரம். இங்கே பையிலிருந்து எடுக்க ஒன்றுமில்லை, உள்ளங்கையில் கொஞ்சம் உப்பும் கடுகும் தவிர. அதே சென்னை வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861 ஏப்ரலில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அது. நம் அளவில் ராயபுரத்திலிருந்து 1,200 மீட்டர் தொலைவில் கிடக்கும் ஓர் உப்புத்தூள். 1866இல் அவர் கண்ட சில்வியா ஒரு சிறு கடுகு. அந்தக் கடுகுக்கும் இரண்டு நிலவுகள் உண்டு என்று நம் காலத்தில் தெரியவந்திருக்கிறது. திரைப்படங்களில் விண்கலங்கள் பாறைகளுக்கிடையே வளைந்து நெளிந்து தப்பிப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஏமாற்றம். தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சிந்திய உப்பில் இடித்துக்கொள்வது எப்படி?

வியாழனுக்கு 2,600 மீட்டர். காசிமேடு மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலம் என்பதால் அங்கேயே ஒரு மீன்கூடையை இரவல் வாங்கினோம். மற்ற ஏழு கோள்களையும் அதற்குள் கொட்டினாலும் நிரம்பாது. இதுவரை 43 நிமிடம் ஆகியிருந்தது. வெயில் ஏறிவிட்டதால் இதற்குமேல் ஒளியின் வேகத்தில் போவது நடக்காத காரியம் என்று முடிவாகி, பேருந்து ஏறி ஐன்ஸ்டைனின் விதியை மீறினோம்.

சுங்கச்சாவடிப் பக்கம் சனி. இங்கே பிள்ளைகளை இறக்கி ஒரு விஷயம் சொன்னேன். வெறுங்கண்ணால் எளிதில் காணக்கூடிய கடைசிக் கோள் இது. கோயிலில் சுற்றிவரும் நவகிரகங்களில் சூரியனும் சந்திரனும் உண்டு, நிழல்களான ராகுவும் கேதுவும் உண்டு. ஆனால் சனிக்கு அப்பால் எதுவும் இல்லை. நம் முன்னோர் அறிந்த கோள்களின் உலகம், பாபிலோனியர் அறிந்ததும் கிரேக்கர் அறிந்ததும், இந்தச் சுங்கச்சாவடியோடு முடிந்தது. தியாகராசர் கோயில் அதற்கும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே இருக்கிறது. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டபோது சூரியக் குடும்பம் ஒரே நாளில் இருமடங்கானது. எங்கள் வழியில் அது எர்ணாவூரில், ஒன்பதரைக் கிலோமீட்டரில், ஓர் இளநீர். அந்த இளநீரைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருப்பது 1977 மார்ச் 10 அன்று தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் வாணியம்பாடிக்கு அருகிலுள்ள காவலூரும் ஒன்று.

எர்ணாவூரைத் தாண்டினால் காற்றே மாறிவிடும். 1970இலிருந்து 2017 வரை இயங்கிய பழைய அனல்மின் நிலையம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் முகத்துவாரத்துக்கு அப்பால் புதியவற்றின் புகைபோக்கிகள் நிற்கின்றன. நிலக்கரி ஒடிசாவிலிருந்து கப்பலில் வருகிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்த காடுகள் உண்ட வெயில் அது. ராயபுரத்தில் நாங்கள் வைத்த சூரியன் எண்ணூரில் எரிகிறது என்று சொன்னால் அது அணியல்ல, வேதியியல்.

முகத்துவாரத்தில் நெப்டியூன். இன்னோர் இளநீர், சற்றே சிறியது. ராயபுரம் நிலையம் திறந்த நாளிலிருந்து இன்றுவரை இது சூரியனை ஒரே ஒரு முறைதான் முழுதாகச் சுற்றியிருக்கிறது, ஏனெனில் அதன் ஓர் ஆண்டு நமக்கு 165 ஆண்டுகள். புளூட்டோ எங்கே என்று கேட்டார்கள். 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும் பிள்ளைகள் மனதிலிருந்து யாராலும் நீக்க முடியவில்லை. அது சராசரியாக 20 கிலோமீட்டர், காட்டுப்பள்ளிப் பக்கம். 1977இல் அனுப்பிய வாயேஜர்-1 ஸ்ரீஹரிகோட்டாவையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த நட்சத்திரம் எங்கே என்றபோது கணக்கைச் சொன்னேன்: ஒரு லட்சத்து 34 ஆயிரம் கிலோமீட்டர். பூமிப்பந்தையே மூன்று தடவை சுற்றிவர வேண்டும். கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சிலர் இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் பௌர்ணமி. ராயபுரத்துத் திண்ணையில் விட்டுவந்த கொண்டைக்கடலைதான் இந்தத் தண்ணீரை ஏற்றி இறக்குகிறது. இரண்டு கன்டெய்னர் உயரச் சூரியன் தன் பங்குக்கு இழுப்பது அந்தக் கடலை இழுப்பதில் பாதிக்கும் குறைவு. கடலை பக்கத்தில் இருக்கிறது, அதுதான் காரணம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் எண்ணெய் படர்ந்ததும் இந்தத் தண்ணீரில்தான். கரையோர அலையாத்தி மரங்களில் கறுப்புக் கோடு எந்த உயரத்தில் விழுந்தது என்பதில்கூட அந்தக் கடலைக்குப் பங்குண்டு.

அப்போது எண்ணூர்க் குப்பத்துச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "இன்னா சார், எப்பவும் எங்க ஊருதான் கடைசியா? பஸ்ஸுக்கும் கடைசி, கோளுக்கும் கடைசியா?"

நெப்டியூன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றேன். அது ராயபுரத்தை மையமாக வைத்து 15 கிலோமீட்டர் ஆரத்தில் சுற்றும். தெற்கே திருவான்மியூர் வரை போகும். பாதிச் சுற்று கடலுக்குள். எட்டுக் கோள்களும் இப்படி ஒரே சாலையில் வரிசையாக நிற்பதும் நம் வசதிக்காகத்தான். எல்லாம் சரியான விளக்கங்கள். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "அது சரி சார். சூரியன ஏன் ராயபுரத்துல வச்சீங்க?"

அதற்கு வானியல் காரணம் எதுவும் இல்லை. அடுத்த மாதம் சூரியனை முகத்துவாரத்தில் வைப்பது என்று அங்கேயே தீர்மானமாயிற்று. கணக்கில் ஒன்றும் கெடவில்லை. நெப்டியூன் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போயிற்று, யுரேனஸ் சுங்கச்சாவடிக்கு, சனி எர்ணாவூருக்கு. பூமி அவள் வீட்டுப் பக்கத்தில், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின்மேல். எலுமிச்சையை வைத்தது அவள்தான். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். ஒளி ராயபுரம் போய்ச்சேர 10 மணி 10 நிமிடம் ஆகும் என்று அவளே கணக்குப் போட்டு எல்லோருக்கும் அறிவித்திருந்தாள். நாங்கள் கத்திவாக்கத்தில், வியாழனுக்குப் பக்கத்தில், இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். ஒளி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.