மறைவில் இருப்பதெல்லாம் இருளா?

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம் நமது பங்கு இல்லத்திற்குக் கடிதம் ஒன்று வந்தது. நான்கு பக்கங்கள், பதினொரு விவிலியச் சான்றுகள், யாவும் அதிகார, வசன எண்களோடு. குற்றச்சாட்டுகள் இரண்டு. காவடி சுமந்து மலையேறும் முருகனடியார்க்கு நம் பங்கின் இளைஞர்கள் நீர்மோர்ப் பந்தல் அமைத்தது ஒன்று. இவ்வூரில் மறைந்த முதியவர் ஒருவரின் இல்லத்திற்கு நாம் சென்று, அவருடைய துணைவியாரின் அருகில் அமர்ந்து செபித்தது மற்றொன்று. அம்முதியவர் சைவர், இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், அதற்கும் மேலாக, பிரீமேசன் எனப்படும் இரகசியச் சங்கத்தின் உறுப்பினர். விக்கிரகத்திற்கு ஒரு கையும் சாத்தானுக்கு மறு கையும் கொடுத்துவிட்டீர் என்று கடிதம் முடிந்திருந்தது. கீழே கையொப்பம் இல்லை. இரகசியத்தைக் கண்டிக்கும் கடிதத்தை எழுதியவர் தம்மை மறைத்துக்கொண்டதைக் கண்டு சற்றே நகைத்தோம். ஆயினும் அவர் காட்டிய வசனங்கள் இறைவார்த்தை; அவற்றை நகைத்துத் தள்ள நமக்கு உரிமையில்லை.

பந்தலைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தணிகை என்னும் பெயரே சினம் தணிந்த இடம் என்று பொருள்படும். அசுரரோடு செய்த போரின் வெகுளி முருகனுக்கு இங்கே தணிந்தது என்பது இவ்வூர்த் தலபுராணம். ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள். ஆந்திர எல்லையிலிருந்து தெலுங்கு பேசும் அடியார்களும், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து தமிழ் பேசும் அடியார்களும் பூக்காவடியோடு வெறுங்காலில் வெயிலில் நடந்து வருகின்றனர். 1960 ஏப்ரல் முதல் நாளன்று இவ்வூர் தமிழகத்தோடு இணைவதற்கு முன் மொழிக்காக எத்தனை கசப்பு இருந்தது என்பதை முதியோர் அறிவர். அக்கசப்பும் தணிந்துவிட்டது. இத்தகைய ஊரில் தாகத்தோடு வருகிறவரை நிறுத்தி, எந்தக் கடவுளைக் காணப் போகிறாய் என்று கேட்ட பிறகா மோர் ஊற்றுவது? நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் அப்படிக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை.

கடிதம் பெரிதும் நம்பியிருந்த சான்று, அவிசுவாசிகளோடு ஒரே நுகத்தில் பிணைக்கப்படலாகாது என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியது (2 கொரி 6:14). நுகம் என்பது ஒரே ஏரில் பூட்டப்படுவது. ஒரே தெருவில் வாழ்வதன்று. அதே கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், தாம் விலகியிருக்கச் சொன்னது உலகத்தாரைக் குறித்து அன்று, அவர்களை விட்டு விலகுவதானால் உலகைவிட்டே வெளியேற வேண்டியிருக்கும் என்று அவரே விளக்கம் தருகிறார் (1 கொரி 5:9-10). நம்பிக்கை கொள்ளாத ஒருவர் விருந்துக்கு அழைத்தால் போகலாம், பரிமாறியதை உண்ணலாம் என்றும் சொல்கிறார் (1 கொரி 10:27). ஒரு வசனத்தைப் பிடுங்கி எடுத்துக் கல்லாக எறிவது எளிது. அது வேர்விட்டிருக்கும் மண்ணோடு சேர்த்துப் படிப்பதற்கே குருமடத்தில் நம்மை ஆண்டுக்கணக்கில் பழக்கினர்.

வசனங்களைக் கல்லாக எறிந்ததன் விளைவு ஒன்றை இவ்வூர் மைந்தர் ஒருவரே நமக்குக் காட்டியிருக்கிறார். 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் கிறிஸ்தவப் பள்ளிகளிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றவர். தம் சமயத்தின் மீது மிஷனரிமார் தொடுத்த கண்டனங்களே தம்மை இந்து மெய்யியலை ஆராயத் தூண்டின என்று பின்னாளில் அவரே எழுதினார். அவரது முதுகலை ஆய்வுரையைப் பாராட்டிய ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் ஒரு கிறிஸ்தவ மிஷனரி என்பதையும் மறக்கலாகாது. கண்டித்தவர்களைவிடக் கேட்டுப் பாராட்டிய அந்த ஆசிரியரே கிறிஸ்துவுக்கு நல்ல சாட்சி என்பது நமது எண்ணம்.

இனி இரகசியச் சங்கம். பிரீமேசன்களின் கிளை 'லாட்ஜ்' எனப்படும். நம் ஊரில் லாட்ஜ் என்றால் யாத்திரிகர் தங்கும் விடுதி. ஆகவே அம்முதியவர் மாதந்தோறும் சென்னையில் லாட்ஜுக்குப் போகிறார் என்ற பேச்சு சிலரிடம் வேறு பொருளும் பெற்றிருந்தது, பாவம்! இச்சங்கம் சென்னைக்கு நேற்று வந்ததன்று. 1752இலேயே இங்கு அதன் கிளை இருந்தது. ஆர்க்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா திருச்சிராப்பள்ளியில் அதில் சேர்ந்தார். இந்தியருள் முதல் மேசன் அவரே என்பர். 1961இல் இந்தியாவுக்கெனத் தனித் தலைமைச் சங்கம் அமைந்தது. எழும்பூரில் அவர்களது மண்டபம் ஊரறிய நிற்கிறது. கடவுள் உண்டென நம்புகிறவரே உறுப்பினராகலாம். எந்தச் சமயத்தவர் என்று கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மறைநூலின் மீது உறுதிமொழி எடுப்பர். "எங்க மேசையில கீதை, குரான், பைபிள் மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கும், ஃபாதர், ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டு நான் பார்த்ததில்லை" என்று அப்பெரியவர் ஒருமுறை நம்மிடம் சொன்னார். நம் பங்கின் மூன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவந்தவர் அவர். யார் கட்டுகிறார் என்பது அப்பிள்ளைகளின் பெற்றோருக்குக்கூடத் தெரியாது. வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற ஆண்டவரின் போதனையை நாம் மேடையிலிருந்து விளக்குகிறோம். அவர் அதைப் படித்தாரோ என்னவோ, செய்தார்.

கடிதம் மூன்று சான்றுகளால் இச்சங்கத்தைத் தாக்கியது. தாம் மறைவில் எதையும் பேசியதில்லை என்று ஆண்டவர் தலைமைக் குருவிடம் சொன்னது முதலாவது (யோவா 18:20). ஆனால் அதே யோவான் நற்செய்தியில், கூடாரத் திருவிழாவுக்கு ஆண்டவர் வெளிப்படையாக அன்றி மறைவாகச் சென்றார் என்றும் இருக்கிறது (7:10). குணமடைந்த தொழுநோயாளியிடம் எவர்க்கும் சொல்லாதே என்றார். கதவை அடைத்துக்கொண்டு மறைவாகச் செபிக்கச் சொன்னார். அவருடைய உடலை இறக்கி அடக்கம் செய்தவர்களைப் பாருங்கள்: யூதருக்கு அஞ்சி மறைவில் சீடராயிருந்த அரிமத்தியா யோசேப்பு ஒருவர், இரவில் வந்தவரான நிக்கதேம் மற்றவர். வெளிப்படைச் சீடரில் பெரும்பாலோர் அவ்வேளை எங்கே போயிருந்தனர்?

ஆணையிடலாகாது என்பது இரண்டாவது சான்று (மத் 5:34). அதை எழுத்துக்கு எழுத்தாகக் கொண்டால், குருப்பட்டத்திற்கு முன் உறுதிமொழி எடுத்த நாமும் குற்றவாளியே. கடவுளைச் சாட்சியாக அழைத்து எழுதிய பவுலடியாரும் குற்றவாளியே. இருளின் செயல்களில் பங்கு கொள்ளாதீர் என்பது மூன்றாவது (எபே 5:11). அதை எடுத்தாள்வதற்கு முன், அங்கே நடப்பது இருளின் செயல் என்று நிறுவியாக வேண்டும். கடிதம் நிறுவவில்லை, சாத்தான் வழிபாடு என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அச்சொல் எங்கிருந்து வந்தது? கத்தோலிக்கர் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது. பிரான்சில் லியோ தாக்சில் என்னும் புனைபெயர் கொண்ட எழுத்தாளர் ஒருவர் 1885இல் மனம் திரும்பியதாகக் கூறிக்கொண்டு, மேசன்கள் பேயை வழிபடுவதாக நூல்மேல் நூலாக எழுதினார். டயானா வாகன் என்றொரு பெண்ணையும் படைத்து, அவள் பேய்வழிபாட்டிலிருந்து மீண்டவள் என்று நம்ப வைத்தார். குருக்களும் ஆயர்களும் நம்பினர். நம் இல்லங்களில் எல்லாம் படமாக வீற்றிருக்கும் சிறுமலர் தெரசாளும் நம்பினார். அப்பெண்ணுக்குக் கடிதமும் எழுதினார். 1897 ஏப்ரல் 19 அன்று பாரீசில் கூட்டம் கூட்டி, எல்லாம் தாம் கட்டிய கதை என்று தாக்சில் நகைத்தார். அவ்வரங்கில் காட்டப்பட்ட படம், ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் தெரசாள் நிற்கும் படம். காசநோயால் வாடி, அவ்வாண்டு செப்டம்பரில் இறந்த அப்புனிதை அச்செய்தியை மடத்துக்குள்ளிருந்தே கேட்க வேண்டியதாயிற்று. பொய் அம்பலமாகி நூறாண்டுக்கு மேலாகியும், அதே பொய் துண்டுப் பிரசுரமாய் நம் செபக்கூட்டங்களில் கைமாறுகிறது. பிறருக்கு எதிராகப் பொய்ச் சான்று சொல்லாதே என்னும் கட்டளை மேசன்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கவில்லை.

மேலும், நாமே ஒரு காலத்தில் இரகசியச் சங்கமாக இருந்தவர்கள். ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்குக் கிறிஸ்தவரைப் பற்றி எழுதியபோது, சங்கங்களுக்கு விதித்த தடையை அவர்களுக்கும் பொருத்தினார். வெகுதூரம் போவானேன்? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், அங்கிருந்த தமிழ்க் கத்தோலிக்கர் குருக்களின்றி, வீடுகளில் ஒளிந்து செபமாலை சொல்லி விசுவாசத்தைக் காத்தனர். 1687இல் கோவாவின் யோசேப் வாஸ் அடிகள் ஏழையின் கோலத்தில் அங்கே இறங்கி, இரவோடு இரவாகத் திருப்பலி நிறைவேற்றினார். தடை செய்தவரும் விவிலியத்தைக் கையில் ஏந்திய கிறிஸ்தவரே. அவ்வடிகள் பின்னர் அச்சமின்றிப் பணியாற்ற இடம் தந்தவரோ கண்டியின் புத்த சமய அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர். 2015இல் கொழும்பில் வாஸ் அடிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் உரையாற்றியதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, அவ்வரசரையும் நன்றியோடு நினைத்துக்கொண்டோம்.

அப்படியானால் கத்தோலிக்கர் மேசன்களாகலாமா என்று கேட்பீர்கள். ஆகலாகாது. 1738இல் பன்னிரண்டாம் கிளமெந்து தொடங்கி, 1884இல் பதின்மூன்றாம் லியோ வழியாகத் திருச்சபை இதில் மாறியதில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் மேசன் என்ற பெயர் இடம்பெறாததால் தடை நீங்கிற்று என்று சிலர் கருதியபோது, அவ்வாண்டு நவம்பரில் கர்தினால் இராட்சிங்கர் ஒப்பமிட்ட அறிவிப்பு அதை மறுத்தது. 2023 நவம்பரில் உரோமை மீண்டும் அதையே உறுதி செய்தது. சேர்ந்தவர் நற்கருணை பெற இயலாது. ஐரோப்பாவில் சில சங்கங்கள் திருச்சபைக்கு எதிராக இயங்கிய வரலாறு இதன் பின்னே உண்டு. பிரான்சின் பெருஞ்சங்கம் 1877இல் கடவுள் நம்பிக்கை என்ற நிபந்தனையையே நீக்கியது. ஆனால் உரோமை இன்று சொல்லும் காரணம் அதனினும் ஆழமானது: எல்லாச் சமயங்களும் ஒரே பொது உண்மையின் வெவ்வேறு ஆடைகள் என்ற நோக்கில், கிறிஸ்துவும் ஓர் ஆடையாகிவிடுவார். அந்நோக்கை ஏற்றுக்கொண்டு நற்கருணை மேசைக்கு நேர்மையாக வர முடியாது. இது நம் உறுப்பினருக்கு நாம் இட்டுக்கொண்ட ஒழுங்கு. பிறர் வீட்டின் மீது எறியும் தீப்பந்தம் அன்று. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றை மறுப்பதில்லை என்று அறிவித்ததும், எவரையும் அவர்தம் மனச்சான்றுக்கு எதிராக வற்புறுத்தலாகாது என்று போதித்ததும் இதே திருச்சபைதான்.

நம் பங்கைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், அப்பெரியவரிடம் கொண்ட மதிப்பால், தாமும் அச்சங்கத்தில் சேர விரும்பி நம்மிடம் வந்தார். மேற்சொன்னவற்றை எல்லாம் பொறுமையாகக் கேட்டார், முகம் வாடிற்று. "அவரு நல்லவரு இல்லேன்னு சொல்றீங்களா, சாமி?" என்றார். "நாம் அப்படிச் சொல்லவில்லை. அவர் உம்மைவிடவும் நம்மைவிடவும் நல்லவராகவே இருந்திருக்கலாம். சேர வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்" என்றோம். சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெரியவரின் நினைவாக அவர்கள் நடத்தும் கண் சிகிச்சை முகாமுக்கு நாற்காலி சுமக்கப் போகலாமா என்றும், அன்று மதியம் அவர்களோடு சாப்பிடலாமா என்றும் கேட்டார்.

போகச் சொன்னோம். நம் பங்கு மன்றத்தின் நாற்காலிகளில் நாற்பதையும் வண்டியேற்றி அனுப்பினோம்.